கரை கட்டுதல்

மேல்துணி முடிந்துவிட்டது. உங்கள் தோழியின் புடவைகளை வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, துண்டோடு துண்டு இணைத்து ஒரு பெரிய விரிப்பாக ஆக்கிவிட்டீர்கள். மீதி இருப்பது மூன்று வேலை. அடித்துணியும் நடுத்துணியும் வைத்துத் தைக்க வேண்டும், நான்கு பக்கமும் கரை கட்ட வேண்டும், பெயர் தைக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கைத்தையலாகவே இரண்டு மூன்று மாதத்தில் முடிகிற வேலைதான். ஆனால் என்னிடம் தையல் கற்க வந்து நினைவுப் போர்வை தொடங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள். மடித்து ஒரு துணிப்பையில் போடுவார்கள். பை பீரோவுக்கு மேலே ஏறிவிடும். என்னுடைய பை பதினான்கு மாதம் அங்கே இருந்தது.

நேரமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. துண்டுகளை இணைத்துக்கொண்டிருந்த வரைக்கும் இறந்துபோன என் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். இது பொண்ணு காதுகுத்துக்கு எடுத்தது, இது நாம ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கினது, இந்த மஞ்சள் உனக்குப் பொருந்தாதுன்னு அன்னைக்கே சொன்னேனே புள்ள. போர்வை முடிந்தால் அந்தப் பேச்சும் முடிந்துபோகும் என்று பயந்தேன். இந்த அத்தியாயத்தை எழுதும்போது அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் அதில் தப்பு ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் சாவு வீட்டில் தோழிக்கு ஒரு இடம் கிடையாது. பங்காளிக்குத் தீட்டு உண்டு, சம்பந்திக்குச் செய்முறை உண்டு, அண்ணன் தம்பிக்குக் கோடி போடும் உரிமை உண்டு. முப்பத்தொரு வருஷம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு ஒன்றும் இல்லை. வந்து அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தால் அவள் பங்கு தீர்ந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். செய்வதற்கு என்று கைக்கு ஏதாவது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். போர்வையில் உட்கார்ந்தது அதனால்தான்.

நண்பனுக்காகத் தைத்த ஒரு துணி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1980-களில் எய்ட்ஸ் நோயால் செத்தவர்களைப் பல குடும்பங்கள் கைவிட்டன. அழ வந்த நண்பர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுவத்தி ஊர்வலத்தில் இறந்தவர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி ஒரு அரசுக் கட்டிடத்தின் சுவரில் ஒட்டினார்கள். அது ஒட்டுப்போர்வை மாதிரி இருக்கிறதே என்று கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்குத் தோன்றியது. பிறகு தன் நண்பனுக்காக முதல் துண்டை அவரே செய்தார். ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு சமாதியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் புல்வெளியில் விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்று அது ஐம்பதாயிரம் துண்டுகளைத் தொட்டு நிற்கிறது. அதில் தைத்தவர்களில் பலர் அதற்கு முன் ஊசி பிடித்தே அறியாதவர்கள். உங்கள் தையல் கோணலாக இருக்கிறது என்ற கவலை வந்தால் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி பையைக் கீழே இறக்குங்கள். முதலில் ஒரு நாள் குறியுங்கள். தலைத்திவசத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம் என்பேன். அன்று அந்த வீட்டில் ஆளும் அடுப்புமாக இருக்கும், போர்வையைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் கை ஒழியாது. அவள் பிறந்தநாள் தெரிந்தால் அதை வையுங்கள். தெரியாவிட்டால் சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

துணியைச் சோதிப்பது

பழைய புடவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பழசாவதில்லை. மேல்துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் சல்லடையாக வருகிற இடத்தைக் கட்டைவிரல் இரண்டாலும் பிடித்து மெல்ல இழுங்கள். இழை விலகி அப்படியே நின்றால் அந்தத் துண்டு தனியாகத் தாங்காது. அதற்காக அதை எடுத்து எறிய வேண்டியதில்லை. பின்பக்கம் மெல்லிய வெள்ளை மல் துணி வைத்து, ஓரம் சுற்றி ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் இன்னும் பல வருஷம் வரும்.

தோள்பட்டைப் பக்கத்து முந்தியில் ஊக்குக் குத்திய ஓட்டைகள் இருக்கும். தினம் ஒரே இடத்தில் குத்தியிருப்பாள். அவற்றை அடைக்காதீர்கள். பின்பக்கம் மல் துணி இருந்தால் அவை மேலே கிழியாது. ஃபால்ஸைப் பிரிக்காமல் வைத்திருந்த புடவை ஏதாவது மீதி இருந்தால் இப்போது பிரியுங்கள். அடியில் இருக்கிற துணி வெயிலும் சோப்பும் அதிகம் படாமல், வாங்கிய அன்றைய நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த நாலு அங்குலத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அன்று வேலையை மூடிவைத்துவிட்டேன். நீங்களும் மூடிவைக்கலாம்.

அடுத்து சாயம். மதுரைச் சுங்குடியில் சிவப்பும் கருநீலமும் இருந்தால் கட்டாயம் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அந்தத் துண்டின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிஷம் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அது துவைக்கும்போது பக்கத்துத் துண்டிலும் ஏறும். கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வீட்டு வழக்கம். ஊறும்போது ஒட்டாமல் நிற்கிற உபரிச் சாயம் கொஞ்சம் வெளியேறும், அவ்வளவுதான். தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதுதான் நிஜமான வழி. தெளியவே இல்லையென்றால் அந்தத் துண்டைப் பிரித்து எடுத்து, சின்னத் தலையணை உறையாகத் தனியே தைத்துக்கொள்ளுங்கள்.

பட்டைப் பருத்தியோடு கலக்காதீர்கள் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே சொன்னேன். மீறிக் கலந்திருந்தால் போர்வையைத் துவைக்க முடியாது, ஜரிகை மடிப்பில் ஒடியும். கல்யாணப் பட்டை வேறொன்றாக்குங்கள்.

அலசுவது பற்றிப் பேசும்போது என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடங்குவதற்கு முன் அவளுடைய பதினொரு புடவைகளையும் ஒரே நாளில் நன்றாகத் துவைத்துக் காயப்போட்டேன். தையல்காரிக்கு அதுதான் சரியான முறை. மாலையில் கொடியிலிருந்து எடுத்தபோதுதான் புரிந்தது, அவள் வாசனை போய்விட்டது. பாண்ட்ஸ் பவுடரும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசனை அது. திரும்பக் கிடைக்காது. உங்களிடம் துவைக்காத துண்டு ஒன்று இன்னும் இருந்தால், உள்ளங்கை அளவு வெட்டி, இறுக மூடும் கண்ணாடி பாட்டிலில் போட்டு இருட்டில் வைத்துவிடுங்கள். போர்வையில் அது சேர வேண்டாம்.

மூன்று அடுக்கு

கடையில் கிடைக்கும் பஞ்சு விரிப்பு நம் ஊர் வெக்கைக்கு ஆகாது. நடுவில் ஒரு பழைய வேட்டியோ நைந்த வெள்ளைப் புடவையோ போதும். அடித்துணிக்கு அவள் புடவையில் அதிகம் உடுத்தாத ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம். நாம் எடுத்துக்கொண்ட போர்வை அளவு 60-க்கு 80 அங்குலம். ஆகவே இரண்டு பாகமாக வெட்டி நீளவாக்கில் ஒரு இணைப்புப் போட வேண்டியிருக்கும். அடியும் நடுவும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

தரையை நன்றாகத் துடைத்து அடித்துணியை நல்ல பக்கம் கீழே பார்க்க விரியுங்கள். மூலைகளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். சுருக்கம் போனால் போதும், முரசு மாதிரி இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அடித்துணி சுருங்கி மேல்துணி பொங்கி நிற்கும். அதன் மேல் நடுத்துணி, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். பிறகு பிரித்துவிடக்கூடிய பெரிய பெரிய ஓட்டுத் தையலை, நடுவில் தொடங்கி நான்கு திசைக்கும் கதிர் மாதிரி போடுங்கள். முழங்கால் வலிக்கும். இன்னொரு ஆள் இருந்தால் வேலை பாதியாகும், மனசும் லேசாகும்.

இனிமேல் போடுகிற சின்ன ஓட்டுத் தையல்தான் நிற்கப் போகிற தையல். பருத்தி நூலே போடுங்கள். நைந்த துணிக்குப் பாலியெஸ்டர் நூல் வேண்டாம். நூலை முழ நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கும். ஒரு தடவை தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் துணிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. மேல்துணிக்குள் ஊசியை விட்டு நூலை மெல்லச் சுண்டினால் முடிச்சு ‘டக்’ என்று உள்ளே போய் நடு அடுக்கில் உட்காரும். அந்தச் சத்தத்துக்குக் காது பழகிவிடும்.

வங்காளத்துக் காந்தா வேலை பெரும்பாலும் இந்த ஓட்டுத் தையல்தான். பழைய புடவையையும் வேட்டியையும் அடுக்கித் தைப்பதற்கு அந்தப் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவிக்கொள்வார்கள். நம் சுங்குடிக் கரையிலும் ஓரிரு இழை உருவ வரும். ஆனால் பழைய இழை அறுந்து அறுந்து பொறுமையைச் சோதிக்கும். ஒரு வரிசைக்கு மட்டும் செய்து பாருங்கள்.

வடகர்நாடகக் காடுகளை ஒட்டி வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி வேறு மாதிரி. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூப்போல வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் உடுத்தாத உடம்பு மாதிரி. தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து தைப்பதானால் இந்த முறை அழகானது. ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் எல்லோர் கையும் நடுவில் சந்திக்கும்.

பல பேர் தைக்கும்போது ஒருத்தி தையல் மணிமணியாக இருக்கும், ஒருத்தியுடையது அரிசி தாண்டி அவரைக்கொட்டை அளவு வரும். அவர்கள் போன பிறகு பிரித்துத் திருத்தலாம் என்று கை பரபரக்கும். தொடவே தொடாதீர்கள்.

அவள் பாதியில் விட்டது

இந்தப் புத்தகத்தில் நான் மிகவும் சொல்ல நினைத்தது இதுதான்.

போனவரின் தையல் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் பாதியில் நிற்கும் வேலை ஒன்று இருக்கும். அவள் பெட்டியில் ஒரு தலையணை உறை இருந்தது. குறுக்குத் தையலில் ஒரு பச்சைக் கிளி. மூக்கு, கழுத்து, ஆரம், இறக்கை எல்லாம் முடிந்து வாலில் பாதி. ஊசி துணியிலேயே குத்தியிருந்தது. நாளைக்குத் தொடரலாம் என்று குத்தி வைத்த மாதிரி.

இதை நான் முடித்துக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அதே பச்சை நூலை மூன்று கடை அலைந்து பிடித்தேன். நாலு வரிசை போட்டுவிட்டுக் கையை நீட்டித் தள்ளிப் பார்த்தால், எது அவள் தையல் எது என் தையல் என்று தெரியவில்லை. அவளுடைய கடைசித் தையல் எங்கே நின்றது என்பதை நானே அழித்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் திருப்பி, நூலின் புதுப் பளபளப்பை வைத்து என் நாலு வரிசையையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

ஆகவே அவள் தொடங்கியதை அவள் விட்ட இடத்திலேயே விடுங்கள். நீங்கள் தொடங்கியதை முடியுங்கள். கிளி பாதி வாலோடு இருக்கட்டும், போர்வை முழுசாக இருக்கட்டும். தொடர்ந்தே ஆக வேண்டிய பொருளாக இருந்தால், உதாரணமாகக் குழந்தைக்கு அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர், வேறு நிற நூலில் தொடருங்கள். எங்கே கை மாறியது என்பது பத்து வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்குத் தெரிய வேண்டும்.

பாதி வேலையைப் போர்வையில் சேர்க்கும் முறை இது. ஊசியை எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கும். ஊசியைத் துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவி, கம்பளித் துணித் துண்டில் குத்தித் தனியே வையுங்கள். அவள் விட்ட நூல் நுனியை வெட்டாதீர்கள். பின்பக்கம் தள்ளி, மல் துணி வைத்து, அந்த நுனியை மட்டும் வெள்ளை நூலால் இரண்டு இடத்தில் பிடித்துத் தைத்தால் அவிழாது. அதன் பிறகு அந்தத் துண்டைச் சுற்றி மட்டும் தையல் ஓடட்டும், அதன் மேலே வேண்டாம்.

நான்கு பக்கமும்

எல்லாத் தையலும் முடிந்து தற்காலிகத் தையலைப் பிரித்தபின், மூன்று அடுக்கையும் ஒன்றாக ஸ்கேல் வைத்து நேராக வெட்டுங்கள். கரைக்கு அவளுடைய ஒரு புடவையின் இரண்டு கரைகளே போதும். காரைக்குடிக் கண்டாங்கி கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. கனத்த துணி, அகலக் கரை, இழுபட்டாலும் நிற்கும்.

கணக்கு இப்படி. ஐந்தரை மீட்டர் புடவை ஏறக்குறைய 216 அங்குலம். ஒரு கரையிலிருந்து ஒரு நீளப் பக்கத்துக்கு 82, ஒரு அகலப் பக்கத்துக்கு 62 எடுத்தால் 144 ஆயிற்று. 72 அங்குலம், அதாவது ஆறு அடி, மிஞ்சும். இரண்டு கரையிலும் அப்படியே. கீழ்க்கரை நடக்கும்போது காலில் உரசி நைந்திருக்கும், இடுப்பில் செருகிய மேல்கரை நன்றாக இருக்கும். நைந்த இடங்களைத் தள்ளி வெட்டத்தான் அந்த மிச்சம்.

கரையோடு உடல் துணியும் கால் அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய அந்த ஓரத்தைப் போர்வையின் பின்பக்கம் வைத்து, கரையின் நல்ல பக்கம் அடித்துணியைப் பார்க்க, கால் அங்குலத்தில் தையுங்கள். இதற்கு மெஷின் போடலாம். பிறகு கரையை முன்பக்கம் திருப்பினால் முழுக் கரையும் புடவையில் இருந்த மாதிரியே தெரியும். அதன் மறு ஓரம் நெய்த ஓரம்தானே, பிரியாது. மடிக்காமலே ஹெம்மிங் போட்டு மேல்துணியோடு பிடித்துவிடலாம். நீளப் பக்கம் இரண்டையும் முதலில் முடித்து, மிஞ்சும் நுனியைப் போர்வை ஓரத்தோடு வெட்டிவிடுங்கள். அகலப் பக்கத்தைப் பிறகு வைத்து, இரு முனையிலும் ஒரு அங்குலம் உள்ளே மடித்துக்கொண்டால் மூலை சுத்தமாக வரும். மூலையைச் சாய்வாக மடிக்கும் முறையும் உண்டு. அகலமான கரையில் அது முதல் தடவையே அமையாது.

பெயர்

பின்பக்கம் கீழ்மூலையில் உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணி வைத்து எழுத்தைத் தையுங்கள். பேனாவில் எழுதினால் துவைக்கத் துவைக்கப் பரவும் அல்லது மங்கும். பென்சிலில் லேசாக எழுதிக்கொண்டு அதன் மேல் பின் தையல் போடுங்கள். தமிழ் எழுத்து பெரும்பாலும் வளைவு. ஓட்டுத் தையலில் ‘ண’வும் ‘ழ’வும் உடைந்து தெரியும். எழுத்து அரை அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது, வளைவில் தையல் நெல்மணியில் பாதி அளவாகச் சுருங்க வேண்டும். புள்ளிகளை முடிச்சுத் தையலில் கடைசியாக வையுங்கள், வைத்தபின் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். புள்ளி விட்டுப்போனால் பெயரே மாறிவிடும்.

ரேஷன் கார்டில் இருக்கும் பெயரா, நீங்கள் கூப்பிட்ட பெயரா என்று கேட்பார்கள். இரண்டையும் தையுங்கள். கூடவே பிறந்த வருஷம், போன வருஷம், ஊர், எத்தனை புடவை, யார் தைத்தது, எந்த மாதம் முடிந்தது. உங்கள் பெயரைப் போடக் கூச்சப்படாதீர்கள். இது யாருக்கு யார் செய்தது என்று பிற்பாடு ஒரு பேரன் கேட்பான்.

கொடுப்பது

குளிர்ந்த தண்ணீரில் சோப்பு கொஞ்சமாகப் போட்டு ஒரு முறை அலசி, நிழலில் தட்டையாகப் போட்டுக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் தையல் இழுபடும். பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது, வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள்.

இதெல்லாம் பயன்படுத்தாமல் வைப்பவர்களுக்கு. போர்த்திக்கொள்வதாக இருந்தால் இன்னும் நல்லது.

கொண்டுபோய் நீட்டுவதற்கு முன் கேளுங்கள். நான் கேட்காமல் போனேன். அவள் மகள் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாள், உடனே மூடினாள். “பெரியம்மா, இப்ப வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. நான் முடித்துவிட்டேன் என்பதற்காக அவளும் அன்றைக்கே தயாராக வேண்டும் என்று இல்லை. எட்டு மாதம் கழித்து அவளே போன் பண்ணினாள். வந்தவள் தரையில் விரித்து, முந்தித் துண்டைத் தேடி, ஊக்கு ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தாள். கிளியை ரொம்ப நேரம் பார்த்தாள். வாலை ஏன் முடிக்கவில்லை என்று கேட்கவில்லை.

போர்வையோடு ஒரு சின்னப் பையும் கொடுக்க வேண்டும். பழைய துணி, எங்காவது ஒரு நாள் கிழியும். கரையில் மிஞ்சிய துண்டு, ஒவ்வொரு புடவையிலும் ஒரு சாண், அதே நூலில் ஒரு உருண்டை எல்லாம் அதில் இருக்கட்டும். அப்போது ஒட்டுப் போடப் போகிறவருக்கு வேறு எங்கும் இவை கிடைக்காது. நான் கொடுத்த பையில் அவள் ஊசியும் இருந்தது, கம்பளித் துண்டில் குத்தியபடி. மகளுக்குத் தைக்கத் தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், முதலில் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.